சோளக்காட்டுக்கு நடுவுல கட்டுன போர்க்கப்பல்: எல்எஸ்டி தேடி ஒரு ரோட் ட்ரிப்

வெள்ளி, சிகாகோவுல இருந்து எவன்ஸ்வில்

அப்பா ஊர்ல இருந்து வந்திருக்காங்க. நயாகரா, நியூயார்க்னு எல்லாரும் கூட்டிட்டுப் போற இடத்துக்கு இந்த தடவ வேணாம்னு முன்னாடியே பேசி வச்சுட்டோம். அப்பா தூத்துக்குடி துறைமுகத்துல விஞ்ச் ஓட்டி ரிட்டயர் ஆனவங்க, கப்பல்னு சொன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி விட்டாலும் பேசுவாங்க, எனக்கு ரெண்டாம் உலகப்போர்னா பைத்தியம், ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு கப்பல் இருக்கு, அதுதான் எல்எஸ்டி. லேண்டிங் ஷிப் டேங்க். டாங்கிய ஏத்திக்கிட்டு சமுத்திரத்த தாண்டி, துறைமுகமே இல்லாத கடற்கரையில நேரா மண்ணுல ஏறி நின்னு, மூக்கத் தொறந்து டாங்கிய இறக்கி விட்டுட்டு, திரும்ப கடலுக்குப் போற கப்பல்.

41ஆம் நம்பர் ரோட்ட புடிச்சு தெக்கால போனா எவன்ஸ்வில் வந்துரும், இண்டியானா மாநிலத்தோட கீழ்க் கோடி, ஒஹையோ ஆத்தங்கரை. ரெண்டு பக்கமும் மக்காச்சோளம், சோயா, திரும்பவும் மக்காச்சோளம். டெர்ரஹோட் தாண்டுனதும் அப்பா கேட்டாங்க, "ஏம்மா, கப்பல் கட்டுன ஊருன்னு சொல்லுத, கடல் எங்கன கெடக்கு?" கடல் எங்கயும் இல்லப்பா, ஆத்து வழியா மிசிசிப்பி புடிச்சு நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் ஆயிரம் மைலுக்கு மேல போனாத்தான் கடல்னு சொன்னேன். கொஞ்ச நேரம் வெளிய சோளத்தையே பாத்துட்டு வந்தாங்க.

மிச்ச கதைய வண்டியிலயே சொல்லிட்டேன், இங்கயும் சுருக்கமா சொல்லிடுறேன். 1940ல பிரான்ஸ்ல டன்கர்க் கடற்கரைல இருந்து பிரிட்டன் தன் ஆளுங்கள, நேச நாட்டு ஆளுங்களையும் சேத்து மூணே கால் லட்சத்துக்கு மேல காப்பாத்தி கூட்டிட்டு வந்துச்சு, ஆனா டாங்கி, லாரி, பீரங்கி எல்லாத்தையும் அங்கயே விட்டுட்டு வர வேண்டியதாப் போச்சு. திரும்ப ஐரோப்பாவுக்குள்ள போகணும்னா டாங்கியோட போகணும், துறைமுகம் எல்லாம் ஜெர்மன்காரன் கையில. அப்ப டாங்கிய மண்ணுல இறக்குற கப்பல் வேணும்னு சர்ச்சில் புடிவாதமா நின்னாரு. முதல்ல வெனிசுவேலாவுல மரகைபோ ஏரிக்கு எண்ணெய் ஏத்தப் போற, ஆழம் கம்மியா இருக்குற தண்ணில ஓடுற டேங்கர் கப்பல் மூணு இருந்துச்சு, மிசோவா, தசஹேரா, பச்சகேரோ, அதோட முன்பக்கத்த வெட்டி கதவு வச்சுப் பாத்தாங்க. ஐடியா வேலை செஞ்சுது. ஆனா நூத்துக்கணக்குல வேணும், பிரிட்டன்ல அதுக்கு கப்பல் கட்டுற யார்டு இல்ல. அமெரிக்காகிட்ட வந்தாங்க.

1941 நவம்பர்ல அமெரிக்க கடற்படையோட கப்பல் டிசைன் பிரிவுல இருந்த ஜான் நீடர்மயர் சில மணி நேரத்துல ஒரு ஸ்கெட்ச் போட்டாரு. அதுக்கப்புறம் கட்டுன ஆயிரத்துக்கு மேல கப்பலுக்கும் அந்த ஸ்கெட்ச்தான் அடிப்படை. அதுல என்ன விசேஷம்னு நாளைக்கு கப்பல்ல நின்னுட்டே எழுதுறேன், அப்பத்தான் புரியும்.

சனி, எல்எஸ்டி-325

முழு நாளும் கப்பல்லயே போச்சு, இன்னைக்கு எழுதுறது நீளமா இருக்கும்.

ஊருக்கு நடுவுல ரிவர்சைட் ட்ரைவ் ஓரமா ஒஹையோ ஆத்துல நிக்குது. பக்கத்துல போற வரைக்கும் எவ்ளோ பெருசுன்னு தெரியல. 328 அடி நீளம், 50 அடி அகலம். முன்னாடி ரெண்டு பெரிய கதவு, அதுக்குப் பின்னாடி இறங்குற ராம்ப். மேல 40 எம்எம், 20 எம்எம் துப்பாக்கிங்க, பக்கவாட்டுல தொங்குற, சிப்பாய்ங்கள கரையில இறக்குற சின்ன ஹிக்கின்ஸ் படகுங்க. அழகான கப்பல்னு யாரும் சொல்ல மாட்டாங்க, பெட்டி வடிவம், பின்பக்கம் மட்டும் ஒரு வீடு. எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு.

இந்தக் கப்பல் கட்டுனது எவன்ஸ்வில்ல இல்ல, பிலடெல்பியா நேவி யார்டுல, 1942 அக்டோபர்ல தண்ணில இறக்குனாங்க. ஆனா எவன்ஸ்வில்காரங்க கட்டுன 167 எல்எஸ்டில ஒண்ணு கூட இங்க இல்லாததால, அதே டிசைன்ல மிச்சம் இருந்த இத 2005ல தத்து எடுத்துக்கிட்டாங்க.

இப்ப அந்த விசேஷம். சமுத்திரத்துல அலைய தாங்கிப் போகணும்னா கப்பல் தண்ணிக்குள்ள நல்லா அமுங்கி இருக்கணும், மேலோட்டமா மிதந்தா அலை தூக்கி அடிக்கும், ப்ரொப்பல்லர் வெளிய வந்துரும். ஆனா கடற்கரையில மண் மேல ஏறணும்னா அமுங்கவே கூடாது. ரெண்டும் ஒரே கப்பல்ல எப்படி முடியும்? நீடர்மயர் பண்ணது, அடியிலயும் பக்கத்துலயும் பெரிய பெரிய பாலாஸ்ட் டேங்கு வச்சுட்டாரு. நடுக்கடல்ல அதுல தண்ணிய ரொப்பிக்க வேண்டியது, கப்பல் அமுங்கும். கரைய நெருங்குறப்ப பம்பு போட்டு தண்ணிய வெளிய தள்ள வேண்டியது, கப்பல் மேல எழும்பும். அப்படி எழும்புறப்ப முன்னாடி நாலடி தண்ணி போதும், பின்னாடி பத்தடி. கப்பலோட அடிப்பாகம் முன்னால இருந்து பின்னால அம்பதுக்கு ஒண்ணுங்குற கணக்குல சரிவா இருக்கும், அதனால சரிவான கடற்கரையில சரியா போய் உக்காரும். நீர்மூழ்கிக் கப்பல்ல இருக்குற யோசனைதான், ஆனா அத டாங்கிய இறக்குறதுக்குப் பயன்படுத்தணும்னு தோணுன அந்த மனுசன கும்பிடணும்னு எனக்கு நிஜமாவே தோணுச்சு.

அப்பாவுக்கு பாலாஸ்ட் பத்தி யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, ஆனா கப்பலோட பின்பக்கம் போனதும் அவங்க நின்னுட்டாங்க. அங்க ஒரு பெரிய விஞ்ச், ஸ்டீல் வடம், ஒரு நங்கூரம். பின்பக்கத்துல எதுக்கு இவ்ளோ பெரிய நங்கூரம்னு நான் கேக்குறதுக்குள்ள அவங்களே சொல்லிட்டாங்க: "கரைக்கு கொஞ்சம் முன்னாடியே இத கடல்ல போட்டுட்டு, வடத்த விட்டுக்கிட்டே போயி மண்ணுல ஏறுவான். டாங்கி இறங்குனதும் விஞ்ச் போட்டு வடத்த இழுத்தா கப்பல் தன்னாலயே பின்னால வரும். எல்லாக் கப்பலுக்கும் தரை தட்டுனா விசாரணை வரும்மா, இவனுக்கு அதான் உத்தியோகம்." எங்களக் கூட்டிட்டுப் போன வாலண்டியர் தாத்தா, அமெரிக்க நேவில இருந்தவரு, நான் இத இங்கிலீஷ்ல சொன்னதும் அப்பா கையப் புடிச்சுக் குலுக்கிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் விஞ்ச் ப்ரேக் பத்தி கையாலயே பேசிக்கிட்டாங்க, நடுவுல நான் தேவையே படல.

டாங்க் டெக் உள்ள போனா நீளமான இரும்பு ஹால். ஷெர்மன் டாங்கி இருபது வரைக்கும் நிக்கும். எல்லா டாங்கியும் ஒரே நேரத்துல எஞ்சின ஸ்டார்ட் பண்ணா புகையில உள்ள இருக்குறவன் செத்துருவான், அது பெரிய பிரச்சனையா இருந்துச்சு. அதுக்காக 1942ல கென்டக்கில ஃபோர்ட் நாக்ஸ்ல, கடலே இல்லாத இடத்துல, தரை மேல இந்த டெக்க மட்டும் அப்படியே கட்டிடமா கட்டி, டாங்கிய உள்ள ஓட்டிப் பாத்து, எத்தன ஃபேன் வேணும், எங்க வைக்கணும்னு சோதிச்சாங்க. மேல பாத்தா அந்த ஃபேன் குழாய் வரிசையா தெரியுது. மேல் டெக்லயும் லாரி, ஜீப் நிக்கும். ஆரம்பத்துல கட்டுன கப்பல்கள்ல அத கீழ கொண்டு வர லிஃப்ட் இருந்துச்சு, லிஃப்ட் ஒண்ணொண்ணா இறக்குறதுக்குள்ள நேரம் போகுதுன்னு பின்னாடி வந்ததுல சாய்வான ராம்ப் வச்சுட்டாங்க.

டாங்க் டெக்குக்கு ரெண்டு பக்கமும் ஒடுக்கமான நடைபாதைல சிப்பாய்ங்க படுக்கை, கேன்வாஸ், ஒண்ணுக்கு மேல ஒண்ணு. அடி தட்டையா தாம்பாளம் மாதிரி இருக்குறதால இந்தக் கப்பல் கடல்ல ரொம்ப உருளும், சும்மா ஆடாது, உருளும். அந்த இடுக்குல, டீசல் வாசனைல, வாந்தி எடுத்துக்கிட்டு, விடிஞ்சா பிரான்ஸ்ல நார்மண்டி கடற்கரைல இறங்கணும்னு தெரிஞ்சுக்கிட்டே படுத்திருந்த பத்தொம்பது இருவது வயசுப் பசங்க. அங்க கொஞ்ச நேரம் எதுவும் பேசாம நின்னோம்.

வேகம் அதிகபட்சம் 12 நாட். கப்பல்காரங்களே எல்எஸ்டிங்குற எழுத்துக்கு லார்ஜ் ஸ்லோ டார்கெட், அதாவது "பெரிய மெதுவான இலக்கு"ன்னு விரிவாக்கம் சொல்லி வச்சிருந்தாங்களாம். எஞ்சின் ரெண்டு, ஜெனரல் மோட்டார்ஸ் 12-567 டீசல், ரயில் எஞ்சின்ல போடுற அதே வகை. இது சும்மா விவரம் இல்ல, இந்தக் கப்பல் இன்னைக்கும் சொந்த எஞ்சின்ல ஓடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். வருசா வருசம் ஆத்துல வேற ஊருங்களுக்கு சொந்தமா ஓட்டிட்டுப் போறாங்க.

325 போன இடங்கள்: சிசிலில ஜெலா, அப்புறம் இத்தாலில சலெர்னோ, 1944 ஜூன் 7ஆம் தேதி நார்மண்டில ஓமஹா பீச். அதுக்கப்புறம் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல நாப்பது தடவைக்கு மேல. போறப்ப டாங்கி, வரப்ப காயம்பட்டவங்க. நார்மண்டி கடற்கரைல இருந்து எல்எஸ்டிங்க மொத்தமா 41,035 காயம்பட்டவங்கள கொண்டு வந்து சேத்திருக்கு. டாங்கி நின்ன டெக்லயே ஸ்ட்ரெச்சர மாட்டுறதுக்கு வசதி பண்ணி வச்சிருந்தாங்க. 1944 டிசம்பர் 28 அன்னைக்கு எம்பயர் ஜாவலின்னு ஒரு துருப்புக் கப்பல் டார்பீடோ பட்டு மூழ்குனப்ப சுமார் 700 பேர இந்த 325தான் காப்பாத்துச்சு.

போர் முடிஞ்சு 1964ல கிரேக்க கடற்படைக்குப் போச்சு, சைரோஸ்னு பேரு, 1999 வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் பழைய எல்எஸ்டி மாலுமிங்க சேந்து அத வாங்குனாங்க. 2000 நவம்பர்ல க்ரீட் தீவுல இருந்து கிளம்பி, ஜிப்ரால்டர் வந்து, அட்லாண்டிக்க தாண்டி, 2001 ஜனவரி 10ஆம் தேதி அலபாமால மொபீல் துறைமுகத்துக்கு வந்து சேந்தாங்க. கேப்டன் ராபர்ட் ஜார்ன்லின். கப்பல்ல இருந்தவங்களோட சராசரி வயசு 72. வேண்டாம், ஆபத்துன்னு எவ்ளோ பேரு சொன்னாங்க. 6,500 மைல், குளிர்காலத்து அட்லாண்டிக், அம்பத்தெட்டு வயசுக் கப்பல். அப்பாவுக்கு இப்ப 71. "நம்மள கூப்ட்ருந்தா போயிருப்பேன்"னு சொன்னாங்க, நிச்சயமா போயிருப்பாங்க.

ஞாயிறு, யார்டு இருந்த இடம், அப்புறம் வடக்கால

காலைல யார்டு இருந்த ஆத்தங்கரைக்குப் போனோம். பாக்குறதுக்கு இப்ப பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா 1942ல இங்க நடந்தத நினைச்சா மலைப்பா இருக்கு. கடலோர யார்டு எல்லாம் விமானம் தாங்கி, டெஸ்ட்ராயர்னு நிரம்பி வழியுது, அப்ப யாருகிட்ட எல்எஸ்டி கட்டச் சொல்றது? பாலம் கட்டுற கம்பெனிங்ககிட்ட. மிசௌரி வேலி பிரிட்ஜ் அண்ட் அயர்ன்னு ஒரு பாலக் கம்பெனிதான் எவன்ஸ்வில் யார்ட நடத்துச்சு. இரும்புத் தகடு வெட்டத் தெரியும், வெல்டிங் தெரியும், கப்பல் தெரியாது. 1942 ஜூன்ல ஆரம்பிச்சு அக்டோபர் கடைசில முதல் கப்பல ஆத்துல இறக்கிட்டாங்க. ஆறு ஒடுக்கம்ங்கறதால நீளவாக்குல இறக்க முடியாது, பக்கவாட்டுல சரிச்சு விட்டாங்க, 328 அடி கப்பலும் ஒரே நேரத்துல தண்ணில விழுந்து எதிர்க்கரை வரைக்கும் அலை போகும். உச்சத்துல 19,000 பேருக்கு மேல வேலை பாத்திருக்காங்க, நேத்து வரைக்கும் வயல்ல, ஃபிரிட்ஜ் ஃபேக்டரில, வீட்ல இருந்தவங்க. பொம்பளைங்க நிறைய பேரு வெல்டர். அந்த வெல்டிங்க நம்பித்தான் ஓமஹால கப்பல மண்ணுல மோதுனாங்க.

வெல்டிங்க நம்பின்னு சொன்னது சும்மா இல்ல. நார்மண்டில ஓதம் ரொம்ப ஏறி இறங்கும், கடல் வத்துறப்ப கப்பல் வெறும் மணல்ல முழு எடையோட உக்காந்திரும், நடு முதுகு ஒடிஞ்சுரும்னு பயந்தாங்க. ஒடியல. அதுக்கப்புறம் வேணும்னே ஓதம் ஏறுனப்ப போய் நின்னுக்கிட்டு, தண்ணி வத்துனதும் லாரிங்கள காஞ்ச மணல்ல ஓட்டி இறக்கிட்டு, அடுத்த ஓதத்துல மிதந்து திரும்பிப் போனாங்க. பிரான்ஸோட செர்பூர்க் துறைமுகத்துல, டாங்க் டெக்ல தண்டவாளம் போட்டு ரயில் பெட்டியவே கொண்டு இறக்கியிருக்காங்க.

மத்தியானத்துக்கு மேல வண்டில இல்லினாய் பக்கம் திரும்பிட்டோம், எலுமிச்ச சாதம் வண்டிலயே. போற வழில நான் அப்பாகிட்ட ஒண்ணு சொன்னேன், இந்த ட்ரிப்ல நான் எழுத நினைச்சதும் அதான். போர்க் கதைன்னா எல்லாரும் பேட்டில்ஷிப், விமானம் தாங்கி, நீர்மூழ்கின்னு பேசுறாங்க. ஆனா 1944ல நேச நாடுகளோட காலண்டர முடிவு பண்ணது இந்தக் கப்பல்தான். நார்மண்டி தரையிறக்கம் மே மாசம்னு இருந்தத ஜூனுக்குத் தள்ளுனதுக்கு, இன்னும் ஒரு மாச உற்பத்தி லேண்டிங் கப்பல் கிடைக்கும்ங்கறது முக்கியமான காரணம். அதே நேரத்துல நடக்க வேண்டிய தெற்கு பிரான்ஸ் தரையிறக்கம் ஆகஸ்ட் 15க்குப் போனதும் கப்பல் பத்தாததால. இத்தாலில அன்ஸியோல நின்னவங்களுக்கும் அதே கப்பல்தான் வேணும், பசிபிக்குலயும் வேணும். சர்ச்சில், ரூஸ்வெல்ட், தளபதிங்க எல்லாரும் உக்காந்து எல்எஸ்டி எண்ணிக்கைய ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டு இருந்தாங்க.

அதனாலதான் 1944 ஏப்ரல் 28 அவ்ளோ வலிச்சுது. இங்கிலாந்துல ஸ்லாப்டன் கடற்கரைல ஒத்திகைக்குப் போன எல்எஸ்டி வரிசைய ஜெர்மன் டார்பீடோ படகுங்க ராத்திரில தாக்குச்சு. 507, 531 ரெண்டும் மூழ்கிருச்சு, 289 நொறுங்கி கரை சேந்துச்சு, கிட்டத்தட்ட 749 பேர் செத்துட்டாங்க. லைஃப் பெல்ட்ட தப்பா மாட்டுனதால தலைகீழா மிதந்து செத்தவங்க இருந்தாங்க. அடுத்த மாசமே மே 21ல ஹவாய்ல பேர்ல் ஹார்பர் வெஸ்ட் லாக்ல குண்டு வெடிச்சு ஆறு எல்எஸ்டி போச்சு, 163 உயிரும் போச்சு. ரெண்டு சம்பவத்தையும் அப்ப வெளிய பேச விடல. அப்பா இத கேட்டுட்டு நான் டீ குடிக்க நிறுத்துற வரைக்கும் எதுவும் சொல்லல.

திங்கள், செனெகா

சின்ன ஊரு, சின்னப் பதிவு. இல்லினாய் ஆத்தங்கரைல செனெகா, போருக்கு முன்னாடி ஆயிரத்து சொச்சம் பேர்தான். சிகாகோ பிரிட்ஜ் அண்ட் அயர்ன் இங்க வந்து யார்டு போட்டு 157 எல்எஸ்டி கட்டுனாங்க. "ப்ரெய்ரி யார்டு"ன்னுதான் பேரு. சிகாகோல இத்தன காலம் இருக்கேன், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலா ஓட்டுனா வந்துரக்கூடிய இடம், என் ஆஃபீஸ்ல கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. கட்டுன கப்பல்லாம் இல்லினாய் ஆறு, மிசிசிப்பின்னு இறங்கி நியூ ஆர்லியன்ஸ் போயித்தான் கடலப் பாத்துச்சு, வழியில பாலம் இடிக்கும்னு மாஸ்ட்ட, அதாவது மேல நிக்குற உயரக் கம்பத்த, அங்க போய்த்தான் நிமித்துனாங்க.

ஆத்தங்கரைல நின்னப்ப அப்பாவுக்கு ஜலஷ்வா ஞாபகம் வந்துச்சு. 2020 ஜூன்ல கொரோனா நேரத்துல கொழும்புல இருந்தும் மாலத்தீவுல இருந்தும் நம்ம ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஐஎன்எஸ் ஜலஷ்வா தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்துச்சு, எங்க தெருவுல ஒரு வீட்டுப் பையன் அதுலதான் வந்தான். அதுவும் துருப்பு இறக்குற கப்பல்தான், அமெரிக்காவோட பழைய ட்ரென்டன், ஆனா அது மண்ணுல ஏறாது, வயித்துக்குள்ள தண்ணிய விட்டு படகுங்கள வெளிய அனுப்பும். மண்ணுல ஏறுற வகை நம்ம நேவிக்கு முதல்ல வந்தது ஐஎன்எஸ் மகர், 1949ல பிரிட்டன்கிட்ட வாங்குனது, போர்க்கால எல்எஸ்டிதான். டீசல் எஞ்சின் கிடைக்காம நீராவி எஞ்சின் போட்டு பிரிட்டன் கட்டுன மூணாவது மாடல்.

சாயங்காலம் மிச்சிகன் ஏரிய சுத்திக்கிட்டு மஸ்கீகன் வந்துட்டோம், கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால போயிருச்சு.

செவ்வாய், மஸ்கீகன், எல்எஸ்டி-393

அமெரிக்கால மியூசியமா இருக்குற இன்னொரு போர்க்கால எல்எஸ்டி இதான். 1942 டிசம்பர்ல சேவைக்கு வந்துச்சு, நியூபோர்ட் நியூஸ் யார்டுல கட்டுனது. அந்த யார்டுல ஒரு விமானம் தாங்கிக்கு அடித்தளம் போட்டிருந்தத எடுத்துட்டு அந்த இடத்துல எல்எஸ்டி கட்டுன அளவுக்கு அவசரம். 393ம் சிசிலி, சலெர்னோ, நார்மண்டி மூணுக்கும் போயிருக்கு.

ஆனா 325ல இருந்து இது வேற வாழ்க்கை வாழ்ந்த கப்பல். போருக்கப்புறம் ஒரு கம்பெனி வாங்கி "ஹைவே 16"ன்னு பேரு வச்சு, மஸ்கீகன்ல இருந்து ஏரிய தாண்டி மில்வாக்கிக்கு புது காருங்கள ஏத்துச்சு, 1973 வரைக்கும். அப்ப டெட்ராய்ட்ல இருந்து வந்த 16ஆம் நம்பர் ரோடு ஏரிக்கரைல முடிஞ்சுது, மிச்ச ரோடு இந்தக் கப்பல்தான்னு அர்த்தம். எனக்கு இந்தப் பேரு ரொம்ப புடிச்சுது. டாங்கி நின்ன எடத்துல காரு நிக்குறது எவ்ளோ நல்ல விஷயம்.

ஒரு பெரியவர் பேத்திய கூட்டிட்டு வந்திருந்தாரு, அவரோட அப்பா இந்த வகை கப்பல்ல இருந்தவராம், ஆனா கப்பலோட பேரு என்னன்னு பேத்தி கேட்டதுக்கு பேரு இல்ல, நம்பர் மட்டும்தான்னு சொன்னாரு. அது உண்மை. 1,051 கப்பல் கட்டுனாங்க, அத்தனையும் நம்பர்தான். போர்ல எதிரி தாக்குதல்ல போனது 26, புயல், பாறை, விபத்துல 13. "மெதுவான இலக்கு"க்கு இது ரொம்ப ரொம்ப கம்மி. 1955ல மிச்சம் நேவிகிட்ட இருந்ததுக்கு மட்டும் மாவட்டங்களோட பேர வச்சாங்க.

அப்பா இங்க கப்பல ஓட்டுற அறையில, வீல்ஹவுஸ்ல, ரொம்ப நேரம் இருந்தாங்க. உள்ள இருந்து வெளிய சரியா தெரியாது, மேல நிக்குற ஆபீசர் குழாய் வழியா சொல்ற திசைல சக்கரத்த திருப்பணும், அவ்ளோதான். "எதிர்ல என்ன வருதுன்னு பாக்காமலேயே மண்ணுல ஏத்தியிருக்கான்"னு சொல்லிட்டு சக்கரத்த தொட்டுப் பாத்தாங்க.

கிளம்புறப்ப அங்க இருந்தவங்க ஒரு தகவல் சொன்னாங்க, எல்எஸ்டி-510 இன்னும் வேலை பாக்குது. நார்மண்டிக்குப் போன கப்பல், ஜெஃபர்சன்வில்ல, அதாவது இதே ஒஹையோ ஆத்தங்கரைல கட்டுனது. இப்ப கேப் ஹென்லோபன்னு பேரு, நியூயார்க் லாங் ஐலண்டுல ஓரியண்ட் பாயிண்ட்ல இருந்து கனெக்டிகட் நியூ லண்டனுக்கு காரையும் ஆளையும் ஏத்திட்டு ஓடுது, டிக்கெட் எடுத்தா நாமளும் போலாம். அப்பா ஊருக்குத் திரும்புறது ஆகஸ்ட் கடைசில, அதுக்குள்ள ஒரு லாங் வீக்கெண்டுக்கு ஃப்ளைட் பாத்துட்டு இருக்கேன்.